ஊசி போட்டது யார்? நாசி ஜேர்மனியின் தாதியரும் அவர்களை விசாரித்த நீதிமன்றங்களும்

ஐரோப்பாவில் யுத்தம் 1945 மே 8ஆம் திகதி முடிந்தது. பவேரியாவில் இருக்கிற கவுஃப்பொய்ரன் என்ற சின்ன நகரம் அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே, அமெரிக்கப் படையின் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்த ஊர் மனநல வைத்தியசாலைக்குள் மட்டும் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மே 29ஆம் திகதி அங்கே ரிச்சர்ட் யென்னே என்ற நான்கு வயதுப் பொடியனுக்கு ஊசி ஏற்றப்பட்டது. அவன் செத்துப்போனான். ஹிட்லர் செத்து ஒரு மாதம், யுத்தம் முடிந்து மூன்று கிழமை. கட்டளை போட்ட அரசாங்கமே இல்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் உள்ளே போனது ஜூலை 2ஆம் திகதிதான்.

ஊசியை ஏற்றியது எஸ்எஸ் காரனோ கெஸ்டாப்போ காரனோ இல்லை. பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த ஒரு தாதி. நாங்கள் ஆஸ்பத்திரியில் "மிஸ்ஸி" என்று கூப்பிடுகிறோமே, அப்படி ஒருத்தி.

நாசிகள் என்றவுடன் எங்கள் மனதில் வருவது சப்பாத்துக் காலும் முள்ளுக்கம்பியும் அவுஷ்விட்ஸின் தண்டவாளமும்தான். பாடசாலை வரலாற்றுப் புத்தகத்திலும் படங்களிலும் நாங்கள் கண்டது அவ்வளவுதான். வெள்ளை ஏப்ரன் கட்டின பெண்கள், தலையைத் தடவிக்கொண்டு, ஒரு கிளாசில் கரைத்த குளிசையைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றார்கள் என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் அறிந்தோம். 2016இல் வந்த "நேபல் இம் ஓகஸ்ட்" என்ற ஜேர்மன் படத்தைப் பார்த்துவிட்டு, இது உண்மையிலேயே நடந்ததா என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. உண்மையைச் சொல்லப்போனால் படத்தைவிட நீதிமன்றக் கதைதான் எங்களை அதிகம் குழப்பியது. ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வேலையைச் செய்த தாதியரில் ஒருத்திக்கு மரண தண்டனை, இருபது வருசம் கழித்து பதினாலு பேருக்கு விடுதலை. இது எப்படி?

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். 1939 ஓகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. குறைபாடுகளோடு பிறக்கிற குழந்தைகளை வைத்தியர்களும் மருத்துவிச்சிகளும் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கிற மருத்துவிச்சிக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு மார்க் கூலி. அதே வருடம் ஒக்டோபரில் ஹிட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தான். குணமாகாத நோயாளிகளுக்குக் "கருணைச் சாவு" கொடுக்க வைத்தியர்களுக்கு அதிகாரம் தருகிற கடிதம் அது. திகதி மட்டும் செப்டெம்பர் 1 என்று பின்போட்டு எழுதப்பட்டது. யுத்தம் தொடங்கிய நாள். யுத்த காலத்தில் சும்மா இருந்து சாப்பிடுகிற வாய்களுக்கு இடமில்லை என்பது அவர்களுடைய கணக்கு. சட்டம் ஒன்றும் நிறைவேற்றப்படவில்லை. அந்தக் கடிதம் மட்டும்தான். இதை மறந்துவிட வேண்டாம், பிறகு நீதிமன்றத்தில் இது முக்கியமாகும்.

பேர்லினில் டியர்கார்ட்டன் வீதி நாலாம் இலக்க வீட்டில் இருந்து இது நடத்தப்பட்டதால் "டி4" என்று பெயர். நாடு முழுக்க இருந்த மனநல வைத்தியசாலைகளுக்குப் படிவங்கள் போயின. நோயாளி வேலை செய்யக்கூடியவரா, எத்தனை வருசமாக இருக்கிறார், பார்க்க யாரும் வருகிறார்களா என்றெல்லாம் கேள்வி. நிரப்பி வந்த படிவத்தை மூன்று நிபுணர்கள் பார்ப்பார்கள். நோயாளியைப் பார்ப்பதில்லை, படிவத்தை மட்டும். சிவப்புப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டால் சாவு. நீலத்தில் ஒரு கோடு போட்டால் உயிர். கிராபனெக், பிராண்டன்பேர்க், ஹார்ட்ஹைம், சொன்னன்ஸ்டைன், பேர்ன்பேர்க், ஹடமார் என்று ஆறு இடங்களில் கார்பன் மொனொக்சைட் அறைகள் கட்டப்பட்டன. 1940 ஜனவரிக்கும் 1941 ஓகஸ்டுக்கும் இடையில் 70,273 பேர். இந்தத் தொகை பிறகு யாரும் ஊகித்தது இல்லை, அவர்களே கணக்கு எழுதி வைத்தது.

பென்சில் பிடித்தவர்கள் பேராசிரியர்கள். வாயுக் குழாயைத் திறந்தவர்கள் வைத்தியர்கள். ஆனால் நோயாளிகளைக் கட்டிலில் இருந்து எழுப்பி, உடுப்புப் போட்டு, பஸ்ஸில் ஏற்றி, வழியெல்லாம் பயப்படாமல் பார்த்துக்கொண்டு, போன இடத்தில் உடுப்பைக் கழற்றி, அந்தக் கதவுவரை கொண்டுபோய் விட வேண்டுமே. அதற்குத் தாதிகள் வேண்டும். நோயாளிகள் வெள்ளை உடுப்பைக் கண்டால் நம்புவார்கள். இதைத் திட்டம் போட்டவர்கள் நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள்.

பவுலினே க்னைஸ்லர் என்ற தாதி யுத்தத்துக்குப் பிறகு கொடுத்த சாட்சியத்தில் தான் சேர்ந்த கதையைச் சொல்கிறார். பேர்லினில் பொட்ஸ்டாமர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கொலம்பஸ் ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு வரச்சொன்னார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஆண் தாதியரும் பெண் தாதியரும் வந்திருந்தார்கள். ஓர் அதிகாரி வந்து விசயத்தைச் சொன்னார். விருப்பமில்லாதவர் விலகலாம் என்றும் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. இரகசியம் காப்போம் என்று சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார்கள். பிறகு கிராபனெக்குக்கு அனுப்பப்பட்டார். பெயர்ப் பட்டியலோடு ஊர் ஊராகப் போய் வைத்தியசாலைகளில் இருந்து நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அவருடைய வேலை.

ஹடமார், பிராங்பேர்ட்டுக்கு வடமேற்கே ஒரு மலையடிவார ஊர். சாம்பல் நிற பஸ்கள் வந்து வைத்தியசாலை முற்றத்தில் இருந்த மரக் கொட்டகைக்குள் போய்விடும். கதவைச் சாத்தின பிறகுதான் ஆட்களை இறக்குவார்கள், வெளியே இருந்து ஒருவரும் பார்க்காமல். அங்கிருந்து மூடின பாதை வழியாகக் கட்டடத்துக்குள். தாதிகள் உடுப்பைக் கழற்றுவார்கள். வைத்தியர் ஒரு பார்வை பார்ப்பார். பார்ப்பது நோயைக் கண்டுபிடிக்க இல்லை, வீட்டுக்கு அனுப்பப்போகிற பொய்க் கடிதத்தில் எழுதப் பொருத்தமான ஒரு நோயைத் தேர்ந்தெடுக்க. தங்கப் பல் உள்ளவர்களுக்கு ஒரு அடையாளம். பிறகு நிலவறை. குளிக்கிற இடம் மாதிரி இருக்கும். ஊருக்கு மேலே புகை எழும்பினது எல்லாருக்கும் தெரியும். 1941இல் லிம்பேர்க் ஆயர் நீதியமைச்சருக்கு எழுதிய முறைப்பாட்டில், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்காள் "உனக்கு விசர், உன்னை ஹடமார் போறணைக்கு அனுப்பிப் போடுவாங்கள்" என்ற கருத்தில் பகிடி பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்தில் அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எரிக்கப்பட்டார்கள். பத்தாயிரமாவது உடலை எரித்த நாளில் ஊழியர்களுக்கு பியர் கொடுத்து ஒரு கொண்டாட்டம் நடந்ததாக அங்கே வேலை செய்தவர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

1941 ஓகஸ்ட் 3ஆம் திகதி மூன்ஸ்டர் ஆயர் ஃபொன் காலன் பிரசங்கத்தில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே மாதம் 24ஆம் திகதி வாயு அறைகளை நிறுத்தச் சொல்லி ஹிட்லர் உத்தரவு போட்டான். பல சுருக்கமான வரலாறுகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்: மக்கள் எதிர்த்தார்கள், நாசிகள் பின்வாங்கினார்கள் என்று. நாங்களும் முதலில் அப்படித்தான் நம்பினோம். தாதியரின் கதை தொடங்குவதே இதற்குப் பிறகுதான். வாயுவுக்குப் பதில் குளிசையும் ஊசியும் பட்டினியும் வந்தன. கொலை ஆறு இடங்களில் இருந்து நாடு முழுக்க இருந்த சாதாரண விடுதிகளுக்குப் பரவியது. யுத்தம் முடியும்வரை நின்றபாடில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கும் மூன்று இலட்சத்துக்கும் இடையில் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

படத்தில் வருகிற ஏர்ன்ஸ்ட் லொசா இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவன். யெனிஷ் என்ற நாடோடிச் சமூகத்துப் பொடியன். அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, குழப்படி என்று சொல்லி அங்கே போட்டார்கள். கவுஃப்பொய்ரன் வைத்தியசாலையின் கிளை இர்சே என்ற இடத்தில் ஒரு பழைய மடத்தில் இருந்தது. பணிப்பாளர் ஃபால்ட்ல்ஹவுசர் அங்கே ஒரு விசேட சாப்பாட்டை அறிமுகப்படுத்தியிருந்தார்: கொழுப்பு இல்லாமல் தண்ணீரில் அவித்த மரக்கறி. வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், மூன்று மாதத்துக்குள் ஆள் போய்விடும். லொசா களஞ்சியத்தில் இருந்து சாப்பாட்டைக் களவெடுத்து இப்படிப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்தான். 1944 ஓகஸ்ட் 9ஆம் திகதி அவனுக்கு ஊசி போட்டார்கள். அப்போது வயது 14. யுத்தத்துக்குப் பிறகு விசாரித்தபோது அங்கே வேலை செய்தவர்கள், அவனை எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொன்னார்கள். எங்களுக்கு இந்த ஒரு வரியைக் கடந்து போக நேரம் எடுத்தது.

ஹடமாரில் இந்த இரண்டாம் கட்டத்தில் 1942 ஓகஸ்ட் முதல் 1945 மார்ச் வரை கிட்டத்தட்ட 4,400 பேர். அங்கே எல்லாம் ஒரு அலுவலக ஒழுங்கில் நடந்தது. காலையில் தலைமை வைத்தியர் அடொல்ஃப் வால்மனும் தலைமைத் தாதி இர்ம்கார்ட் ஹூபரும் ஆண் தாதியரின் தலைவர் ஹைன்ரிக் றூஃபும் கூடுவார்கள். யார் யார் என்று பெயர் எழுதின துண்டுகள் இரவு வேலை பார்க்கிற தாதிகளுக்குப் போகும். பின்னேரம் தூக்கக் குளிசை, அளவுக்கு மேலே. விடியும்போதும் மூச்சு இருந்தால் மோர்ஃபின்-ஸ்கொபொலமின் ஊசி. பிறகு எழுதுவினைஞர் மெர்க்கிள் பொய்க் காரணமும் பொய்த் திகதியும் போட்டு மரண அத்தாட்சி எழுதுவார். புளூம் என்பவர் வைத்தியசாலைக்குப் பின்னால் இருந்த சவக்காலையில் கூட்டமாகப் புதைப்பார். அடுத்த நாள் காலையில் மறுபடி கூட்டம்.

1944 ஜூலையில் இருந்து இன்னொரு கூட்டமும் வரத்தொடங்கியது. ஜேர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துக்காரரும் சோவியத் நாட்டவரும். ஆண், பெண், பிள்ளைகள். காசநோய் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். வந்தவுடன் கட்டிலில் படுக்க வைத்து, தொற்று வராமல் தடுக்க ஊசி என்று சொல்லிப் போட்டார்கள். பெரும்பாலானவர்கள் அடுத்த நாளைக் காணவில்லை.

அமெரிக்கர்கள் 1945 மார்ச் 26ஆம் திகதி ஹடமாருக்கு வந்தார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி வீஸ்பாடனில் அமெரிக்க இராணுவ ஆணைக்குழுவின் முன் வழக்குத் தொடங்கியது. நியூரம்பேர்க் பெரிய வழக்கு தொடங்க ஒரு மாதத்துக்கும் மேலே இருந்தது. வழக்கை நடத்தியவர் லியோன் ஜவோர்ஸ்கி. இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு வோட்டர்கேட் விவகாரத்தில் ஜனாதிபதி நிக்சனைத் துரத்திய அதே சட்டத்தரணி. பிரதிவாதிகள் ஏழு பேர்: நிர்வாகி அல்ஃபொன்ஸ் கிளைன், வால்மன், றூஃப், ஆண் தாதி கார்ல் வில்லிக், ஹூபர், மெர்க்கிள், புளூம்.

குற்றச்சாட்டு என்ன? 476 போலந்து, சோவியத் நாட்டவரைக் கொன்றது. அவ்வளவுதான். அதே கட்டடத்தில் கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 15,000 பேரைப் பற்றிக் குற்றப்பத்திரம் பேசவில்லை. ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் ஜேர்மன் பிரசைகள். ஒரு நாடு தன் சொந்தப் பிரசைகளைக் கொன்றால் அதை வேறொரு நாடு விசாரிக்க அன்றைய சர்வதேச சட்டத்தில் இடம் இருக்கவில்லை. நேச நாட்டவரைக் கொன்றால்தான் அது போர்க்குற்றம். சட்டத்தரணிகளுக்கு இது ஒரு நியாயாதிக்கப் பிரச்சினை. வாசிக்கிற எங்களுக்கோ, ஒரே மடுவில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இரண்டு உடல்களில் ஒன்று வழக்குக்குள்ளேயும் மற்றது வழக்குக்கு வெளியேயும் போன கதை. செத்தவனின் கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் நீதி வருமா என்று இந்த மண்ணில் இருந்துகொண்டு வாசிக்கிறபோது எழுகிற கேள்வியை நாங்கள் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. கேட்காமல் இருக்கவும் ஏலவில்லை.

ஏழு நாளில் வழக்கு முடிந்தது. கிளைன், றூஃப், வில்லிக் மூவருக்கும் தூக்கு. 1946 மார்ச் 14ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. இவர்களில் இருவர் தாதிகள், தங்கள் கையாலேயே ஊசி போட்டவர்கள். வால்மனுக்கு ஆயுள் தண்டனை. மெர்க்கிளுக்கு 35 வருசம், புளூமுக்கு 30. ஒரே பெண் பிரதிவாதியான ஹூபருக்கு 25 வருசம். தான் யாருக்கும் ஊசி போடவில்லை என்பது அவருடைய வாதம். காலைக் கூட்டத்தில் இருந்தேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்ற மாதிரி. இந்த "அவ்வளவுதான்" எங்கள் வாசிப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்த சொல். பஸ்ஸை ஓட்டியவர் ஓட்டினார், அவ்வளவுதான். பெண் தாதி கையைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

செத்த ஜேர்மன் நோயாளிகளுக்கான வழக்கு 1947இல் பிராங்பேர்ட்டில் ஜேர்மன் நீதிமன்றத்தில் நடந்தது. இருபத்தைந்து ஊழியர்கள். வைத்தியர்கள் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது. தாதியரை நீதிமன்றம் கொலையாளிகள் என்று பார்க்கவில்லை, கொலைக்கு உடந்தை என்று பார்த்தது. வருசங்களும் அதற்கேற்ற மாதிரி வந்தன, ஹூபருக்கு எட்டு. முன்பு சொன்ன க்னைஸ்லருக்கு 1948இல் நாலு வருசம். பிறகு பனிப்போர் வந்தது, மேற்கு ஜேர்மனி நட்பு நாடானது, சிறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹூபர் 1952இல் வெளியே வந்தார். க்னைஸ்லர் வெளியே வந்து மறுபடியும் தாதியாகவே வேலை பார்த்தார். கட்டில்களுக்கு இடையில், இரவு வேலை, குளிசைத் தட்டோடு.

இனி நாங்கள் தொடக்கத்தில் கேட்ட கேள்வி. மெசெரிட்ஸ்-ஒப்ராவால்டே அன்றைய ஜேர்மனியின் கிழக்கில், இன்றைக்குப் போலந்தில் இருக்கிற ஒரு பெரிய மனநல வைத்தியசாலை. அங்கே வாயு அறை இருக்கவே இல்லை. கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரம் என்று சொல்வார்கள், அதைவிடக் கூட என்றும் சொல்வார்கள். முழுக்க முழுக்கத் தாதியரின் கையால். வெரொனாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், அல்லது ஊசி. பொதுவாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வார்கள். ஒருத்தி தலையைத் தூக்கிப் பிடிப்பாள், ஒருத்தி கிளாசை வாயில் வைப்பாள். குளிசை கசக்கும், குடிக்க மாட்டேன் என்று நோயாளி தள்ளுவார். அதனால்தான் ஆள் பலம் வேண்டும்.

செஞ்சேனை 1945 ஜனவரி கடைசியில் அங்கே போனது. அடுத்த சில மாதங்களில் தலைமைத் தாதி அமண்டா ரட்டாய்சாக்கும் ஆண் தாதி ஒருவரும் சோவியத் அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1946 மார்ச்சில் பேர்லினில் வைத்தியர் ஹில்டே வெர்னிக்கேயும் தாதி ஹெலேனே வீச்சொரெக்கும் ஜேர்மன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பணிப்பாளர் கட்டளை போட்டார், நான் செய்தேன் என்றார் வீச்சொரெக். நீதிமன்றம் ஏற்கவில்லை. கொலை, கொலைதான், உடந்தை இல்லை. ஹிட்லரின் கடிதம் சட்டம் ஆகாது. இரண்டு பேருக்கும் மரண தண்டனை. 1947 ஜனவரி 14ஆம் திகதி நிறைவேற்றினார்கள்.

மற்றத் தாதிகள் அகதிகளோடு அகதிகளாக மேற்கே வந்து, வேறு வேறு ஊர்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1960களில் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பதினாலு பெண்கள். 1965 மார்ச்சில் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாரும் விடுதலை. இவர்கள் சாதாரணமான படிப்பும் அறிவும் உள்ள பெண்கள், வைத்தியர் சொல்வதை மறுக்காமல் செய்யப் பழக்கப்பட்டவர்கள், அந்தச் சூழலில் தாங்கள் செய்வது குற்றம் என்று உணர்ந்து செய்தார்கள் என நிரூபிக்க முடியவில்லை என்கிற போக்கில் நீதிமன்றம் யோசித்தது.

இடையில் என்ன மாறியது? 1946இல் பேர்லின் இடிந்து கிடந்தது, பிணங்களின் மணம் போகவில்லை. 1965இல் பிரதிவாதிகள் கால் நோகிற வயதான அம்மாக்கள். யுத்தம் முடிந்து இருபது வருசம், இனி எதுக்கு என்ற களைப்பு நாடு முழுக்க இருந்தது. சட்டமும் கொலையாளிக்கும் உடந்தைக்கும் இடையில் ஒரு அகலமான வாசலைத் திறந்து வைத்திருந்தது. அதேநேரம் 1965ஐ வெறும் மறதியின் வருடம் என்றும் சொல்ல முடியாது. அதே வருடம் செப்டெம்பரில் டுசல்டோர்ஃப் நீதிமன்றம் ட்ரெப்ளிங்கா வழக்கில் ஆர்தர் மத்தேஸ் என்பவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மத்தேஸ் யார்? மனநல வைத்தியசாலையில் ஆண் தாதியாக வேலை தொடங்கி, டி4இல் சேர்ந்து, அங்கிருந்து ட்ரெப்ளிங்காவின் வாயு அறைகள் இருந்த பகுதிக்குப் பொறுப்பாளராகப் போனவர். அவரைப் போல டி4இல் பழகின பலர் பெல்செக், சொபிபோர், ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். யூதர்களைக் கொன்ற தொழிற்சாலை மனநோயாளிகளை வைத்துத்தான் முதலில் பழகிப் பார்க்கப்பட்டது. முகாமுக்குப் போன தாதி கொலையாளி என்று தெரிந்தது. விடுதியிலேயே நின்ற தாதி பாவம் என்று தெரிந்தது. முகாம்களில் வேலை பார்த்த பெண்களுக்கும் சலுகை கிடைக்கவில்லை: ராவன்ஸ்புறூக் பெண்கள் முகாமின் தலைமைத் தாதி எலிசபெத் மார்ஷல் 1947 மே 3ஆம் திகதி பிரித்தானியர்களால் தூக்கிலிடப்பட்டார், அறுபது வயதில்.

மியூனிக் வழக்கின் வாக்குமூலங்களில் இரண்டு எங்களைத் தூங்கவிடவில்லை. ஒரு தாதி, நோயாளிகள் பயப்படக்கூடாது என்பதற்காக அவர்களை அன்பாக அணைத்து, தடவிக்கொடுத்துத்தான் மருந்தைக் குடிக்க வைத்தேன் என்கிறார். இதை அவர் குற்றத்தை மறைக்கச் சொல்லவில்லை. தான் நல்ல தாதி என்று காட்டச் சொல்கிறார். இன்னொருவரிடம், கட்டளை வந்தால் களவெடுப்பீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். அது செய்யக்கூடாத காரியம் என்று தெரியும். மருந்து கொடுப்பது, அது கொல்வதற்காக இருந்தாலும், கடமை. அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன் என்றார்.

அவருக்கு மனச்சாட்சி இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இருந்திருக்கிறது, களவு எடுக்க விடாத அளவுக்கு இருந்திருக்கிறது. ஆனால் விடுதிக்குள் நுழையும்போது அதை வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும் என்று அந்தத் தொழில் அவருக்குப் பழக்கியிருந்தது. நல்ல தாதி என்றால் கேள்வி கேட்காத தாதி. அன்றைய மனநல விடுதிகளில் தாதியருக்குப் பயிற்சி குறைவு. பலர் ஏழை வீடுகளில் இருந்து, வேலையில்லாத காலத்தில், அரசாங்க உத்தியோகம் என்று வந்து சேர்ந்தவர்கள். வேலை போனால் ஒன்றும் இல்லை. இதெல்லாம் விளக்கம்தான். மியூனிக் நீதிமன்றம் விளக்கத்தையே தீர்ப்பாக்கியது. அங்கேதான் அது பிழைவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை, இரண்டு பேர் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

மறுத்தால் சுட்டிருப்பார்கள் என்பதுதான் எல்லா வழக்கிலும் வந்த அடுத்த வாதம். மறுத்ததற்காக ஒரு தாதி கொல்லப்பட்டதாக எந்த ஆதாரமும் வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. மறுத்தவர்கள் இருந்தார்கள். ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் கருணைச் சகோதரிகள் சபையின் பொறுப்பாளர் அன்னா பெர்த்தா கோனிக்செக் 1940இல் அதிகாரிகளுக்கு நேரடியாகவே எழுதினார்: நோயாளிகளை ஏற்றுவதற்கு எங்கள் சகோதரிகள் உதவ மாட்டார்கள், செலவுதான் பிரச்சினை என்றால் அரசாங்கத்தின் காசு இல்லாமல் நாங்களே பார்க்கிறோம். கெஸ்டாப்போ பதினொரு நாள் உள்ளே வைத்தது. 1941 ஏப்ரலில் ஷெர்ன்பேர்க் இல்லத்துக்கு பஸ் வரப்போகிறது என்று அறிந்ததும், எந்த உதவியும் செய்யவேண்டாம் என்று தன் சகோதரிகளுக்கு மறுபடி கட்டளை போட்டார். இந்த முறை நாலு மாதம் சிறை. பஸ் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஹார்ட்ஹைமுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மறுப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவரும் உயிரோடு திரும்பி வந்தார்.

மேற்கு ஜேர்மனியின் 1956ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தில் இந்த நோயாளிகள் நாசிகளால் துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற வகைக்குள் சேர்க்கப்படவில்லை. பல குடும்பங்கள் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டன. வீட்டில் ஒரு மனநோயாளி இருந்தார் என்று தெரிந்தால் மற்றப் பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆகாது என்ற பயம், எங்கள் ஊருக்கும் தெரியாத பயம் இல்லை. பேர்லினில் டியர்கார்ட்டன் வீதி நாலாம் இலக்கத்தில் நினைவிடம் திறக்க 2014 செப்டெம்பர் ஆகிவிட்டது. ஒரு நீளமான நீலக் கண்ணாடிச் சுவர் அது.

ஹடமாரில் இன்றைக்கும் மனநல வைத்தியசாலை இயங்குகிறது. அதே வளவில் 1983இல் இருந்து நினைவகமும் இருக்கிறது. நிலவறைக்கு இறங்கிப் பார்க்கலாம். முற்றத்தில் சாம்பல் பஸ்கள் நின்ற மரக் கொட்டகையும் இருக்கிறது. அந்த மாதிரிக் கொட்டகைகளில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள்.